உச்சியில் உள்ள ஆரஞ்சு நிறம் குறித்து

செங்கம் சாலை,
திருவண்ணாமலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் ராமதாஸ் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் பத்திரிகையும் நலமாக இருக்க விழைகிறேன். மறைந்த ஓவியர் பரசுராமனின் யாரும் அறியாத மலை ஓவியத்தை நான் முப்பது வருடம் 'கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்ததாக' எழுதியிருக்கிறீர்கள். தவறு. குரங்கு வராமல் இருக்க அதைச் சமையலறை ஜன்னலில் அடைத்து வைத்திருந்தேன். படம் எனக்கு, முதுகு குரங்குக்கு.

புகழ் பெறுவதற்கு முன் அவர் எங்கள் மாடியில் குடியிருந்தார். காலி செய்தபோது விட்டுப் போனது அது. பின்புறம் அவர் கையாலேயே 'கார்த்திகை தீபம், மாலை ஆறு மணி' என்று எழுதியிருந்தது. முன்புறம் பார்த்தால் மலை இருக்கிறது, உச்சியில் தீபம் இல்லை! கான்வென்ட்டில் ஓவியப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியவள் நான் (போட்டியிட்டவர்கள் மூன்று பேர்). பிழையைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? எங்கள் வாசல் கேட்டுக்கு எப்போதும் அடிக்கும் ஆரஞ்சு பெயின்ட்டில் மிச்சமிருந்ததை, தீக்குச்சியில் பஞ்சு சுற்றித் தொட்டு, தீபத்தை ஏற்றிவிட்டேன். போன மாதம் சென்னையிலிருந்து கலை நிபுணர் புகழேந்தி, பரசுராமன் குடியிருந்த மாடியைப் பார்க்க வந்தார், காபி குடிக்கும்போது ஜன்னலைப் பார்த்தார், டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "மலை சுமார்தாம்மா. அந்தச் சுடர் இருக்கு பாருங்க, அவர் வாழ்நாள்லயே அப்படி இன்னொண்ணு போட்டதில்ல"ன்னார். உண்மைதானே, அதையும் அவர் போடலையே! அப்பவே சொல்லியிருக்கணும். அதுக்குப் பதிலா இன்னொரு டம்ளர் காபி கொடுத்தேன். இப்ப, அந்தப் படத்துல வேற யார் கையும் படலைன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போடணுமாம், வெள்ளிக்கிழமை வர்றார். அது போதாதுன்னு எதிர்வீட்டு சந்திரம்மாள் உங்க பத்திரிகையில வந்த படத்தை எங்க கேட்டு மேல வெச்சுப் பாத்துட்டு, "ஏங்க்கா, ரெண்டும் ஒரே கலரா இருக்குதே, அந்த ஓவியரு உங்க கேட்டையும் அடிச்சுக் குடுத்துட்டுதான் போனாரா?"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கேக்குறா.

எழுபத்தாறு வயதில் பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அந்தத் தீபம் என் கைவேலை என்று அடுத்த இதழில் திருத்தம் வெளியிடவும்.

தங்கள் வீட்டார் அனைவருக்கும் அண்ணாமலையார் நல்ல புத்தியும், எனக்கு மிச்சமிருந்தால் கொஞ்சமும், அருளட்டும்.

இப்படிக்கு,
அருணாதேவி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் புகழேந்திக்குப் போன் செய்து, "ஒரு பேச்சுக்குக் கேக்குறேன், அந்தச் சுடரை வேற யாராவது போட்டிருந்தா என்ன செய்வீங்க?" என்றேன். "சுரண்டி எடுத்துடுவோம்மா, அரை நாள் வேலை" என்றார். அரை நாளாம்! ஆகவே மேலே எழுதிய எதையும் வெளியிட வேண்டாம். அந்தத் தீபத்தைப் பரசுராமன்தான் போட்டார்; பக்கத்தில் நின்று பார்த்தேன். கேட்டுக்குப் பச்சை அடிக்க நாளை ஆள் வருகிறார். கையெழுத்து மணிமணியாக வந்துவிட்டதால் இக்கடிதத்தைக் கிழிக்க எனக்கு மனமில்லை; நீங்கள் கிழித்துவிடுங்கள். கிழித்தாகிவிட்டது என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுத்துமூலம் பதில் அனுப்பவும்.