முப்பதாயிரம் காலடி

காட்டுக்குள் நுழைந்து அரை மைல்கூட ஆகவில்லை, ஸ்டோர் கீப்பருக்கு மூச்சு வாங்கியது. ஒரே ஒரு மாடி ஏற லிஃப்டுக்காகக் கால் மணி நேரம் காத்துக் கிடக்கும் உடம்பு அது.

டைரக்டருக்கு நடைப் பைத்தியம். காட்டில் கிளம்பி, பாலைவனத்தைக் கடந்து, பொழுது சாய்வதற்குள் கூடாரத்துக்கு வர வேண்டும். எல்லார் கையிலும் காலடி எண்ணும் கடிகாரம்; முப்பதாயிரம் காலடிக்கு மேல் யார் கடிகாரம் அதிகம் காட்டுகிறதோ அவருக்கே மேனேஜர் பதவி என்று சொல்லிவிட்டார். போட்டியில் சகலையும் இருந்தான்.

"என் தங்கச்சி புருஷனுக்கு நீங்க சலாம் போட்டீங்கன்னா, அப்புறம் இந்த வீட்டுப் பக்கமே வராதீங்க" என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

சகலை எப்போதோ கண்ணுக்கு மறைந்துவிட்டான். பின்னாலிருந்து ஒரு மேய்ப்பர் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"எதுவரைக்கும்பா?"

"பாலைக்கு அந்தப் பக்கங்க. கூடாரம் போட்டிருக்காங்களே, அங்கதான் தண்ணித் தொட்டி."

நோகாமல் நுங்கு தின்னும் புத்தி விழித்துக்கொண்டது. மேய்ப்பர் அசந்த நேரம் பார்த்து, ஒரு கறுப்பு ஆட்டின் முன்னங்காலில் கடிகாரத்தைக் கட்டி, வெளியே தெரியாமல் கைக்குட்டையால் சுற்றினார். ஆடு ஓரிடத்தில் நிற்காது, ஐம்பதாயிரம் நிச்சயம். பிறகு, கூடாரத்துக்குச் சாமான் ஏற்றிப் போகும் ஜீப் வந்தால் தொற்றிக்கொள்ளலாம் என்று மரத்தடியில் படுத்தார்.

ஜீப் வந்தது. முன்சீட்டில், கணுக்கால் சுளுக்கிய டைரக்டர், நடையின் மகிமையை டிரைவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஸ்டோர் கீப்பர் முள்புதருக்குள் பாய்ந்தார்.

இனி மந்தையைப் பிடித்தால்தான் மானம் பிழைக்கும். ஓடுவதற்கு வசதியாகத் தண்ணீர்ப் பாட்டில்களை ஓடையோரம் வீசினார். பாலைவனத்தில் ஓடை கிடையாது என்பது காடு முடிந்த பிறகுதான் உறைத்தது. இருபது வருஷம் ஸ்டோரில் இருப்பு பார்த்த மூளை!

ஷூவைப் போட்டால் கொப்புளம் எரிந்தது, கழற்றினால் மணல் சுட்டது. ஆட்டுப் புழுக்கைதான் வழிகாட்டி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, சகலையையும் டைரக்டரையும் மாறி மாறித் திட்டியபடி முழுப் பாலைவனத்தையும் நடந்தே தீர்த்தார்.

பொழுது சாயும்போது தொட்டியருகே கறுப்பு ஆடு நின்றது. கைக்குட்டையை அவிழ்த்துக் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு டைரக்டர் முன் நின்றார்.

டைரக்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"தொள்ளாயிரத்திப் பதினாறு. நாள் முழுக்கத் தூங்கினீங்களா?"

"சார், சத்தியமா நடந்தேன்! ஒவ்வொரு அடியும் நடந்தேன்!"

வாழ்க்கையில் முதல்முறையாக உண்மை பேசினார். யாரும் நம்பவில்லை. சகலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

அப்போது அவர் கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்துவிட்டு மேய்ப்பர் கும்பிட்டபடி ஓடிவந்தார்.

"என் ஆட்டுக்குக் கட்டுப் போட்ட புண்ணியவான் நீங்கதானா சாமி? அடிபட்ட காலாச்சே, நடக்க விடலாமான்னு, காட்டுலேருந்து இங்க வரைக்கும் தோள்லயே தூக்கிட்டு வந்தேங்க!"