ஒரு ஓஸ் மிச்சம்

"ஸ்ஸ்ஸ்…"

கிளப்பிய லாரிக்குள்ளிருந்து சத்தம் வந்ததும் முருகையன் துள்ளினார்.

"பாரு தனம்! இன்னிக்கு எஃப்.சி.ன்னு தெரிஞ்சுகிட்டே சத்தம் போடுது!"

அவர் கவலை நியாயம்தான். இன்றோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. அறுபத்தொரு நாள் கழித்துப் புதுச்சேரி கனகசெட்டிக்குளத்துப் படகெல்லாம் கடலுக்குப் போகப்போகிறது. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று இல்லாத வண்டியில் எவன் மீன் ஏற்றுவான்? பன்னிரண்டு மணிக்குள் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி நிற்க வேண்டும்.

"டிரைவர் கொளஞ்சி வரட்டுமேங்க" என்றாள் மனைவி தனம். "வண்டியக் கழுவிக் கொண்டாந்து விட்டுட்டு, ஜெராக்ஸ் எடுக்கத்தானே போயிருக்கு?"

"அவன் நேரா எஃப்.சி. எடத்துக்கு வந்துடுவான். வண்டிக்கு மொதலாளி நானா, அவனா?"

வண்டி வாங்கிய மூன்று வருஷத்தில் முதலாளி பானெட்டைத் தூக்கியது அன்றுதான். இஞ்சினை நிறுத்திவிட்டு, எந்த ரப்பர் ஓஸில் சத்தம் என்று பார்க்க ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பிடுங்குவது சுலபமாகத்தான் இருந்தது. திருப்பி மாட்டும்போது ஒன்று மிச்சம்.

எதிர்வீட்டு ஜானகிராமன் வந்தார். சேதராப்பட்டு கம்பெனி ஒன்றில் இருபது வருஷம் அட்டைப்பெட்டி ஒட்டி ரிட்டயர் ஆனவர். கம்பெனி ஆள் என்பதால் தெருவில் எந்த மிஷின் படுத்தாலும் அவர்தான் வைத்தியர்.

"ஒண்ணுமில்ல முருகையா. இது வேக்குவம் பம்ப்பு, காத்த உறிஞ்சும். இது பூஸ்டர், பிரேக்க லேசாக்கும். நடுவுல வேக்குவம் டேங்க்குன்னு ஒண்ணு இருக்கணும்… தோ, இத்தப் பாரு!"

இஞ்சின் மேல், கரி பிடித்துப்போய், கட்டுக்கம்பியில் கட்டியிருந்தது ஒரு அலுமினிய டப்பா.

"ஓஸ் மாட்ட ஓட்டையே இல்லியேண்ணே?"

"அதான் கோளாறே!"

"தொறந்து பாக்கட்டுமா?"

"அட கூறுகெட்டவனே! தொறந்தா உள்ளாற இருக்கிற வேக்குவம் பூரா வெளிய கொட்டிடும்!"

முருகையன் மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். மூடியில் ஆணியடித்து, ஓட்டை விழுந்த கையோடு ஓஸைச் சொருகி, சுற்றிலும் எம்-சீல் பசையை அப்பினார்கள். வண்டியைக் கிளப்பியதும் டப்பா 'டொப்'பென்று ஒடுங்கியது.

"பாத்தியா, எப்படி உறிஞ்சுது!" ஜானகிராமன் கைதட்டினார்.

ஸ்ஸ்ஸ் சத்தமும் நின்றுவிட்டது! முருகையனுக்குத் தலைகால் புரியவில்லை. ஜானகிராமனையும் ஏற்றிக்கொண்டு பறந்தார்.

காலாப்பட்டு தாண்டியதும் மூக்கைச் சுளித்தார். "அண்ணே, புகையில ஒரு மாதிரி வாசன வருது."

"மீன் வண்டில மல்லிப்பூவா மணக்கும்? ஓட்டு!"

பின்னால் வந்த பஸ், முந்தாமல் மோப்பம் பிடித்தபடியே வந்தது. சிக்னலில் நின்ற சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர், பக்கத்தில் புதுசாக எந்த ஓட்டல் திறந்திருக்கிறது என்று நாலாபக்கமும் திரும்பிப் பார்த்தார்.

எஃப்.சி. இடத்தில் இன்ஸ்பெக்டர் சுடர்விழி பிரேக்கைச் சோதித்தார். கும்மென்று பிடித்தது. முருகையன் ஜானகிராமனைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"என்னன்னு தெரியல, இன்னிக்கு இப்பவே பசிக்குது" என்று முணுமுணுத்தபடி சுடர்விழி பானெட்டைத் தூக்கினார். "இது என்ன, சப்பிப் போயி?"

"வேக்குவம் டேங்க்கு மேடம். ஒரிஜினல்."

"கம்பெனி பார்ட்டு" என்று அழுத்திச் சொன்னார் ஜானகிராமன்.

பழைய வண்டிகளில் எத்தனையோ ஒட்டுவேலை பார்த்தவர் சுடர்விழி. சரியென்று தலையாட்டிப் பேனாவைத் திறந்தார். பேனா பேப்பரைத் தொட்ட நேரத்தில், ஜெராக்ஸ் கட்டோடு மூச்சிரைக்க ஓடி வந்தான் கொளஞ்சி.

"மொதலாளி, சொல்ல மறந்துட்டேன்! வண்டில ஸ்ஸ்ஸுன்னு சத்தம் வந்தா பயந்துடாதீங்க, சூடா இருக்கட்டும்னு இஞ்சின் மேல கட்டி வச்ச என் கருவாட்டுக் கொழம்புதான் பொங்கி வழியும்!"