பெட்டியண்ணன் அடித்த மூன்று பலகை

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டங்களில் பெட்டியண்ணனை விட வேகமாக ஆணி அடித்தவரும் கிடையாது, அடித்த ஆணியை அவரை விட அதிகமாகப் பிடுங்கியவரும் கிடையாது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டி அடிப்பது அவர் வேலை. ஒரு வாய் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் ஒரு பெட்டி தயாராகிவிடும். வீட்டில் துணி வைக்கத் தட்டு அடிக்கத்தான் ஒரு மழைக்காலம் போதவில்லை.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அவர் காம்பராவும் என் காம்பராவும் அடுத்தடுத்த அறைகள். அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். படுக்கும் மூலையில் இருந்த தகரப் பெட்டிக்குள் ஈரம் ஏறி, அண்ணியின் சேலைகளில் கரும்புள்ளி விழுந்துவிட்டது. இருந்த ஒரே பட்டுச் சேலையையாவது காப்பாற்ற, சுவரில் மூன்று பலகை அடிக்கச் சொன்னார்.

"ஆவணியில எங்க அண்ணன் மக கல்யாணம். அதுக்குள்ள தட்டு இல்லேன்னா பொகவந்தலாவையில பொறந்த வீட்டுக்கே போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

பெட்டியண்ணன் ஸ்டோரை நடத்தும் டீமேக்கரிடம் கேட்டு உடைந்த பெட்டிப் பலகைகளை வாங்கி வந்தார். சுவரில் வெறும் மூன்று பலகை என்பது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. முதல் ஞாயிறு, இரண்டு பெட்டிகளைப் படுக்க வைத்து அடுக்கினார். கீழ்ப்பெட்டிக்குக் குனிய வேண்டியிருக்கிறதென்று மறு ஞாயிறு பிரித்தார். அடுத்து மூலைக்கு முக்கோணத் தட்டு. சேலை முக்கோணமாக மடிய மாட்டேன் என்றது. அதையும் பிரித்தார். ஞாயிறு தோறும் சேலைகளெல்லாம் வெளித் திண்ணையான இஸ்தோப்புக்கு வந்துவிடும். லயமே வந்து ஆலோசனை சொல்லிவிட்டுப் போகும்.

பிறகு எலி ஏறாத தட்டு என்று கயிறு கட்டிக் கூரை மரத்தில் தொங்கவிட்டார். லயத்துக்குக் கூரை மரம் ஒன்றுதான். அதே மரத்தில் இந்தப் பக்கம் என் மகளின் தொட்டில். நான் ஆட்ட ஆட்ட அங்கே தட்டும் ஆடியது. சுவருக்கு மேலாகப் பெட்டியண்ணனின் குரல் வந்தது.

"தங்கச்சி, கொஞ்சம் மெதுவா ஆட்டும்மா. பட்டு விழுந்துரும்."

நான் கூச்சக்காரி. பதில் சொல்லாமல் தொட்டிலை நிறுத்தினேன். மகள் லயம் அதிர அழுதாள். பொறுக்க முடியாமல், ஆட்டச் சொல்லி அவரே கெஞ்சினார். ஆட்டினேன். ஒழுகும் இடத்தில் வைத்திருந்த வாளித் தண்ணீருக்குள் பட்டு விழுந்தது.

அண்ணி பட்டைப் பிழிந்து தகரப் பெட்டியில் வைத்து, பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் சந்திக்கு இறங்கிவிட்டார்.

எதிர்மலை வளைவில் பஸ் தெரிந்தால், சந்திக்கு வரக் கால்மணி நேரமாகும். பெட்டியண்ணன் சுத்தியலை எடுத்தார்.

"தங்கச்சி, பஸ் எங்க வருது?"

"கோயில் வளைவுல, அண்ணே." நான் அவரிடம் சத்தமாகப் பேசியது அன்றுதான்.

மடார் மடார் என்று ஆணி இறங்கியது.

"இப்ப?"

"பாலம் தாண்டிருச்சுண்ணே."

மூன்று பலகை. அளவு இல்லை, யோசனை இல்லை. அடித்த கையோடு தேயிலைச் சரிவில் நேராக ஓடினார். சுத்தியலோடு நடுரோட்டில் நின்ற மனிதரைப் பார்த்த டிரைவர் பேசாமல் பஸ்ஸை நிறுத்தினாராம். ஏறி உட்கார்ந்திருந்த அண்ணியைப் பெட்டியோடு இறக்கிவிட்டுத்தான் கண்டக்டர் மூச்சு விட்டாராம்.

அண்ணி வந்து பலகைகளைப் பார்த்தார். "சாஞ்சிருக்கு" என்றார். பெட்டியண்ணனின் கை தானாக ஆணிபிடுங்கியைத் தேடியது.

"கை வச்சீங்கன்னா அடுத்த பஸ்" என்று சொல்லிக்கொண்டே அண்ணி சேலைகளை அடுக்கத் தொடங்கினார்.

ஆவணிக் கல்யாணத்துக்குப் பட்டு ஒரு புள்ளி இல்லாமல் போய் வந்தது. பெட்டியண்ணன் மட்டும் ஞாயிறுகளில் அந்தச் சாய்ந்த தட்டுகளுக்கு முன்னால், ஒரு கையை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். அண்ணி கொடுத்துவைத்தவர் என்று எனக்குத் தோன்றும். அதை அண்ணியிடம் சொல்லத்தான் கடைசிவரை வாய் வரவில்லை.