முடி வழித்த விதானையார்

லண்டன் ராணி செத்த கிழமையில்தான் என் ஐயாவும் செத்தார். ராணியின் மகனுக்கு முடி சூட்டப் போவதாக ரீவியில் சொன்னார்கள். என் முடியை வழித்தார்கள்.

ஐயா எங்கள் குளத்தின் வட்டவிதானை. துருசு மதகைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர். ஊருக்கு அவர் 'விதானையார்'.

ராணியின் மகன் எழுபத்து மூன்று வயதில், தாய் கண் மூடிய நிமிடமே ராசா. யாரும் கூட்டம் வைத்துக் கேட்கவில்லை. எனக்கு எழுபத்தொன்று. ஐயாவின் முப்பத்தோராம் நாள் சடங்கில் எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றபடியே பக்கத்து வளவு இளையதம்பி, "விதானையாற்ற பெடியன், தண்ணிச் செம்பை இஞ்சால தா" என்றான். நாற்பது வருடமாக அவன் எனக்குச் செய்ததெல்லாம் நெஞ்சில் இருக்கிறது. இதையும் அதற்குள் வைத்தேன்.

அன்றே முடிவெடுத்தேன். 'விதானையார்' என்று கூப்பிட்டால்தான் இனித் திரும்பிப் பார்ப்பேன்.

ஒருவரும் கூப்பிடவில்லை. நானும் திரும்பவில்லை. பிள்ளைகள் கனடாவில். பத்து நாள் மழையைப் பார்த்துக்கொண்டு கதிரையில் கிடந்தேன். பிறகு மனுசியிடம் சொன்னேன்.

"விமலேஸ்வரி, ராசாவின்ர மனுசியும் ராணியாம். நான் விதானையார் எண்டால் நீ விதானையம்மா. ஊருக்குள்ள சொல்லிவிடு."

"அப்ப செத்த ராணியின்ர மனுசன் ராசாவோ?"

"இல்லையடி. அவர் சாகுமட்டும் ராணியின்ர மனுசன்தான்."

"வடிவாத் தெரியுமோ?"

"ரீவியில சொன்னவங்கள்."

"சரியப்பா."

அந்தச் 'சரி'யை நான் கவனித்திருக்க வேண்டும்.

காலபோக விதைப்புக்கான கமக்காரர் சங்கக் கூட்டத்தில் புது விதானையைத் தெரிவு செய்தார்கள். செயலாளர் கோகுலன் கேட்டான்:

"விதானையாற்ற மோன் மயில்வாகனம், நீங்கள் நிக்கிறியளோ?"

நான் சுவரைப் பார்த்தேன். மூன்று தரம் கூப்பிட்டான். மூன்று தரமும் சுவரைத்தான் பார்த்தேன்.

"ஆளுக்குக் காதும் அடைச்சுப் போச்சு," என்றான் இளையதம்பி.

விமலேஸ்வரி எழும்பினாள்.

"அவருக்கு ஏலாது தம்பி. மாமா பாயில கிடந்த ஆறு வருசமும் குளத்துத் துருசைத் திறந்து பூட்டினது நான்தானே. என்ர பேரைப் போடுங்கோ."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. இளையதம்பி இரண்டு கையையும் உயர்த்தினான்.

வழியில் கேட்டேன். "எனக்கொரு சொல்லுச் சொன்னியா?"

"மூண்டு தரம் கூப்பிட்டவன். நீங்கள்தானே திரும்பேல்லை."

அடுத்தநாள் காலை படலையில் இளையதம்பியின் சத்தம்.

"விதானையம்மாவின்ர மனுசன் நிக்கிறாரோ?"

'விதானை' என்று காதில் விழுந்ததுமே நான் திரும்பிவிட்டேன்.