மார்ஜரி போகக் கூடாதென்ற பப்

ரிட்டயரான மறுநாளே சபதம் எடுத்துவிட்டேன். எனக்கென்று ஒரு பப் வேண்டும். என் மனைவி மார்ஜரியின் கண்ணும் குரலும் எட்டாத இடமாக இருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் இருக்கும் எங்கள் ஊரில் பப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் 'ராஜா தலை' பப்பில் பாட்டு காதைப் பிளந்தது. 'வெள்ளை மான்' பப்பில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். கூட்டமே திரும்பி என்னைப் பார்த்தது.

"அது ஆல்ஃப்ரெட்டோட இடம்," என்றார் ஒருவர்.

"அவர் வரட்டும், எழுந்துக்கறேன்."

"அவர் செத்துப் பதினோரு வருஷமாச்சு."

எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"இன்னிக்கும் அமையலையா?" மார்ஜரி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே கேட்டாள்.

"அமையும். ஊர்ல இன்னும் பப் பாக்கி இருக்கு."

"எங்க வேணா போங்க. ஆத்தங்கரை 'ஏர்க்கலப்பை'க்கு மட்டும் போகாதீங்க."

"ஏன்?"

"போகாதீங்கன்னா போகாதீங்க."

"காரணம்னு ஒண்ணு இருக்குமில்ல?"

"இருக்கு. சொல்ல மாட்டேன். அந்தக் கேரட்டை எடுங்க."

எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. அங்கே அப்படி என்னதான் இருக்கிறது? சூதாட்டமா? மார்ஜரியின் பழைய காதலனா? பீர் ஊற்றுவது அழகான பெண்ணா? மூன்றாவதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் நாயை உலாத்திவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாய்க்கே என்மேல் சந்தேகம்.

'ஏர்க்கலப்பை'யில் கணப்பு எரிந்தது. பாட்டு இல்லை, டிவி இல்லை. அழகியும் இல்லை, பெர்சிவல் என்ற வழுக்கைத் தலை முதலாளிதான். மூன்று கிழவர்கள் எனக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். காய்கறிக் கண்காட்சியில் என் பூசணிக்காய்க்குப் பரிசு தவறிய கதையை எடுத்துவிட்டேன். மார்ஜரி முதல் வரியிலேயே எழுந்து போய்விடும் கதை அது. இவர்களோ கடைசிவரை தலையாட்டிக் கேட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கேட்காமலே என் முன்னால் பீர் வந்தது. நான் வழக்கமாகக் குடிக்கும் அதே பீர்.

"இதுதான் எனக்குப் பிடிக்கும்னு எப்படித் தெரியும்?"

"உங்க வீட்டம்மா சொன்னாங்க," என்றார் பெர்சிவல்.

கிளாஸ் பாதி வழியில் நின்றது. "மார்ஜரி இங்க வந்தாளா?"

"போன வாரம். ஊர்ல இருக்கிற அத்தனை பப்பையும் பார்த்துட்டுத்தான் இங்க வந்தாங்க. வீட்ல சாயந்திரம் கொஞ்சம் நிம்மதி வேணுமாம். கணப்பு இருக்கணும், நீங்க பேசினா யாரும் எழுந்து போகக் கூடாதுன்னாங்க. இவங்க மூணு பேருக்கும் காது கேக்காதுன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

மூவரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

"அப்புறம் எதுக்குப் போகாதேன்னு நேத்து என்கிட்ட சொன்னா?"

"போன்னா போக மாட்டீங்களாமே."

"அவ சொன்னதும் ஓடி வர நான் என்ன அவ்வளவு சுலபமான ஆளா?"

பெர்சிவல் கிளாஸைத் துடைத்துக் கவிழ்த்தார்.

"ஒரு வாரமாவது தாங்குவீங்கன்னுதான் உங்க வீட்டம்மாவும் சொன்னாங்க."