பிரின்சிப்பல் ஐயாவின் சால்வையில் ஒரு துளி

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் வயது போனவர்களில் பாதிப் பேர் என்னைப் பழைய கள்ளுக் குடிகாரன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மற்றப் பாதிப் பேர் செத்துப்போனார்கள். அவர்களும் அப்படி நம்பிக்கொண்டுதான் போனார்கள். ஆரம்பத்தில் ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்தி விளக்கம் சொன்னேன். பிறகு கேட்டவர்களுக்கு மட்டும் சொன்னேன். இப்போது யாராவது கேட்டால், "ஓம், அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறேன். எழுபது வயதில் ஒரு மனிதனுக்கு நல்ல பெயரைவிட மத்தியானத் தூக்கம் பெரிது. ஆனாலும் ஒரு தடவை முழுதாக எழுதி வைத்துவிட்டால் மிச்சக் காலத்துக்கு வாய் வலி குறையும் என்று தோன்றுகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்துநான்கு வயது. ஒரு மிஷன் பாடசாலையில் (பெயர் வேண்டாம், அவர்கள் பாவம்) விஞ்ஞான வாத்தியாராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. வேலை தற்காலிகம். பெரிய வகுப்புக்குத் தாவரவியல் தொடங்க அனுமதி கேட்டு எங்கள் பிரின்சிப்பல் எழுதியிருந்தார். கொழும்பிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து என் பாடத்தைப் பார்ப்பார்; அவருக்குப் பிடித்தால் தாவரவியலும் நிற்கும், நானும் நிற்பேன். பிடிக்காவிட்டால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

இன்ஸ்பெக்டருக்கு எழுதிய கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அங்கேதான் என் வாய்க்கொழுப்பு வேலை செய்தது. அந்தக் காலத்தில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் கலம் (உயிரணு) காட்டுவதென்றால் வெங்காயத்தோலை உரித்து மைக்கிறஸ்கோப்பில் வைப்பார்கள். பெட்டி பெட்டியாக அறைகள் தெரியும், அவ்வளவுதான். நானோ, "எங்கள் மாணவர்கள் உயிருள்ள கலத்தைக் காண்பார்கள், அது உண்பதையும், மூச்சு விடுவதையும், பெருகுவதையும் தங்கள் கண்ணாலே காண்பார்கள்" என்று ஆங்கிலத்தில் விளாசிவிட்டேன். பிரின்சிப்பல் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டாம் தடவை வாசித்தார்.

"நல்லாய்த்தான் எழுதியிருக்கிறீர். உது உண்மையாய்க் காட்டலாமோ?"

"ஓம் ஐயா. மதுவம் எண்டு ஒரு சாமான் இருக்கு. ஒரு கலமே ஒரு முழு உயிர். சீனியைத் திண்டு, வாயு விட்டு, பக்கத்திலை மொட்டு மாதிரிக் குட்டி போடும்."

"நல்லது, நல்லது" என்று கையெழுத்து வைத்தார். அந்த மதுவம் எங்கே கிடைக்கும் என்று அவர் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

பாண் பொங்குவதற்கு மதுவம், அதாவது ஈஸ்ட், போடுவார்கள் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். இன்ஸ்பெக்டர் வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது சாவகச்சேரிப் பேக்கரிக்குச் சைக்கிளில் போனேன். பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வெளியே வந்து நான் சொன்ன பெயரை முழுதாகக் கேட்டார். பிறகு, "அப்பிடி ஒண்டும் எங்களிட்டை இல்லை மாஸ்டர். நாங்கள் மாவுக்குக் கள்ளுத்தான் விடுறனாங்கள்" என்றார்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லவேண்டும். எங்கள் பிரின்சிப்பல் ஐயா அந்தப் பகுதி மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். நான் அதன் காரியதரிசி. (தற்காலிக வாத்தியாராக இருப்பவன், பிரின்சிப்பல் தலைவராக இருக்கும் சங்கத்தில் வேறு என்னவாக இருக்க முடியும்?) போன மாதம்தான் கள்ளுத் தவறணைக்கு முன்னால் ஒரு பெட்டியின்மேல் ஏறி நின்று முக்கால் மணித்தியாலம் பேசியிருந்தேன். அந்தக் கூட்டத்தில் முன் வரிசையில் நின்று கடைசிவரை கேட்ட ஒரே ஆள் வல்லிபுரம். எங்கள் பக்கத்துப் பனங்காணிகளில் மரம் ஏறுகிறவர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். அவரிடம்தான் நான் இப்போது போகவேண்டியிருந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் மரத்தடிக்குப் போய் நின்றேன். 'கள்ளு' என்ற சொல் என் வாயிலிருந்து வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"வல்லிபுரம், இந்த... மரத்திலை இருந்து இறக்கிறது... கொஞ்சம் வேணும்."

"ஆருக்கு மாஸ்டர்?"

"பள்ளிக்கூடத்துக்கு."

அவர் முகத்தில் ஒரு பயபக்தி வந்தது. மறுநாட் காலையில் ஒரு போத்தலைக் கொண்டுவந்து தந்தார். "உங்களுக்கெண்டு முட்டிக்குள்ளை கூடச் சுண்ணாம்பு பூசி இறக்கினனான். கருப்பணி. ஒரு சொட்டு வெறி இராது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் பயமில்லாமல் குடிக்கலாம்" என்றார்.

அதை மைக்கிறஸ்கோப்பில் வைத்துக் கண் வலிக்கப் பார்த்தேன். சுண்ணாம்புத் தூளும் ஓர் எறும்பின் காலும் தெரிந்தன. வேறு என்ன தெரியும்? சுண்ணாம்பு பூசுவதே அந்தக் கலங்கள் பெருகாமல் இருக்கத்தான். அவை பெருகாததால்தான் கருப்பநீர் இனிப்பாகவே இருக்கிறது. என் நல்ல பெயரைக் காப்பாற்றுவதற்காக வல்லிபுரம் என் உயிர்க்கலங்களை எல்லாம் ஒன்று விடாமல் கொன்றிருந்தார்.

இன்ஸ்பெக்டர் வரும் நாள். விடியற்காலையில் திரும்ப மரத்தடிக்கு ஓடினேன். வெட்கப்பட நேரமில்லை.

"கள்ளு வேணும், வல்லிபுரம். சுண்ணாம்பு போடாத கள்ளு."

"மெல்லக் கதையுங்கோ மாஸ்டர்" என்று அவர்தான் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு என் தோளைத் தொடுவதா விடுவதா என்று யோசிப்பவர்போல நின்றார். "நீங்கள் கூட்டத்திலை பேசேக்கையே நினைச்சனான், இந்த மனிசன் உள்ளுக்குள்ளை சரியாக் கஷ்டப்படுகுது எண்டு. பயப்பிடாதேங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லன்."

"இது படிப்பிக்கிறதுக்கு!"

"ஓம் ஓம்" என்றார், மிகுந்த அன்போடு.

போத்தல் வாயில் பன்னாடைத் துண்டு ஒன்றைத் தளர்வாக அடைத்துத் தந்தார். "இறுக்கி மூடிப்போடாதேங்கோ. அது மூச்சு விடும்" என்றும் சொன்னார்.

மூச்சு விடும் என்று அவர் எனக்குச் சொல்கிறார்! நான் பட்டதாரி. கலச்சுவாசம் என்று முதல்நாள் வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதியவன். தலையாட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். ஆனால் சந்தை வழியாகப் போகும்போது என்னைச் சுற்றி ஒரு வாசனை கூடவே வந்தது. மீன் வாங்க நின்ற சனம் மூக்கை நிமிர்த்தித் திரும்பிப் பார்த்தது. பாடசாலைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பன்னாடையை எடுத்து எறிந்தேன். நல்ல இங்கிலிஷ் தக்கை ஒன்றை அடித்து இறக்கி, மேலால் கம்பி வைத்து இரண்டு சுற்று முறுக்கினேன். பழுப்புக் காகிதம் சுற்றி, 'மாதிரி 4' என்று எழுதி, ஆருடைய கண்ணிலும் படாமல் யன்னல் ஓரத் தட்டில் வைத்தேன். (மாதிரி 1, 2, 3 என்று எதுவும் இருக்கவில்லை.) கிழக்குப் பக்க யன்னல். பங்குனி வெயில். இதைவிட நல்லாய் அந்தக் கலங்களை ஒருவராலும் பராமரித்திருக்க முடியாது.

பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். மெலிந்த மனிதர், வெள்ளைக் கோட்டு, முகத்தில் காலையிலிருந்தே மூன்று பள்ளிக்கூடத்து வெங்காயத்தோல் பார்த்த அலுப்பு. பிரின்சிப்பல் ஐயா அன்றைக்கென்று எடுத்த புதுச் சால்வையைப் போட்டு, மார்பில் மதுவிலக்குச் சங்கத்து நீல நாடா குத்தியிருந்தார். பன்னிரண்டு மாணவர்கள் வாங்குகளில் அசையாமல் இருந்தார்கள்.

நான் நன்றாகத்தான் தொடங்கினேன். கலத்துக்கு ஒரு சுவர் உண்டு; உள்ளே ஒரு கரு உண்டு, அதுதான் வீட்டுத் தலைவர்; வெளியிலிருந்து சீனி உள்ளே வரும், உள்ளேயிருந்து வாயு வெளியே போகும். இன்ஸ்பெக்டர் கோட்டுப் பையிலிருந்து பென்சிலை எடுத்துக் குறித்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

"அந்த வாயு வெளியே போகாவிட்டால்?" என்று கேட்டார்.

"அமுக்கம் கூடிக்கொண்டே போகும், சேர்" என்று சொல்லியபடியே போத்தலை எடுத்து, காகிதத்தை உரித்து, கம்பியை முறுக்கவிழ்க்கத் தொடங்கினேன். போத்தல் என் மார்போடு சாய்ந்திருந்தது. வாய் பிரின்சிப்பல் ஐயாவைப் பார்த்திருந்தது.

முதல் சுற்று கழன்றது. இரண்டாம் சுற்றைக் கழற்றும் வேலையை எனக்கு அது வைக்கவில்லை.

வெடிச் சத்தத்தைக் கோயில் திருவிழா வெடி என்று நினைத்துப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஓடிவந்தார்களாம். தக்கை ஓட்டில் பட்டு எங்கேயோ தெறித்தது. போத்தலில் இருந்த அவ்வளவும் நுரையாகச் சீறிக்கொண்டு மதுவிலக்குச் சங்கத் தலைவரின் தலையிலிருந்து இறங்கியது. முகத்தால் வடிந்தது, நீல நாடாவை நனைத்தது, புதுச் சால்வையில் ஊறியது. அறை முழுக்கத் தவறணையின் மாலை நேரத்து மணம்.

ஐயா நாக்கால் மேலுதட்டை நக்கிவிட்டார். வேண்டுமென்று அல்ல. அப்படி நக்கியதும் அவருக்கு விளங்கிவிட்டது.

"தம்பி, இது என்ன?"

"மதுவம், ஐயா."

"இது கள்ளு."

"ஓம் சேர். நல்ல கள்ளு" என்றது பின் வாங்கிலிருந்து ஒரு குரல். அந்தக் குரலுக்கு உரியவனுக்கு ஒரு கிழமை விசாரணை நடந்தது வேறு கதை.

வேலை போய்விட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தது. ஊரில் என்னைப் படிப்பித்த அண்ணைக்கு என்ன சொல்வது என்றுதான் மனம் ஓடியது. அப்போது இன்ஸ்பெக்டர் கண்ணாடியில் தெறித்த நுரையைத் துடைத்துக்கொண்டு, கொழும்பு ஆங்கிலத்தை விட்டுவிட்டு, "அதெல்லாம் சரி. கலம் எங்கை?" என்று கேட்டார்.

போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒன்றுமில்லை. அறையில் கள்ளு மிச்சமிருந்த இடம் ஒன்றுதான்.

"ஐயா, கொஞ்சம் அசையாமல் நில்லுங்கோ" என்று சொல்லிச் சால்வையின் நுனியைப் பிடித்தேன். அவர் நின்றார், அதிர்ச்சியில் வேறொன்றும் தோன்றவில்லைப் போலிருக்கிறது. கண்ணாடித் தகட்டில் ஒரு துளி பிழிந்து, மைக்கிறஸ்கோப்பின் அடியில் வைத்து, கண்ணை வைத்தேன்.

என்ன சொல்ல! முட்டை முட்டையாக, ஒளி ஊடுருவுகிற நூற்றுக்கணக்கான கலங்கள். ஒன்றின் விலாவில் சின்னதாக ஒரு மொட்டு. அந்த மொட்டிலேயே இன்னொரு மொட்டு. ஆருக்கு வேலை போகிறது, ஆருக்குச் சால்வை போகிறது என்று அவற்றுக்கு ஒரு கவலையும் இல்லை. அந்த ஒரு நிமிடம் எனக்கும் இருக்கவில்லை. மனம் விட்டுச் சந்தோஷப்பட்டேன் என்பதை இத்தனை வருடம் கழித்தும் ஒளிக்க விரும்பவில்லை.

இன்ஸ்பெக்டர் கால் மணித்தியாலம் கண்ணை எடுக்கவில்லை. "உண்மையாத்தான் குட்டி போட்டிருக்கு" என்றார். மாணவர்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். பிரின்சிப்பல் ஐயா மட்டும் பார்க்கவில்லை. கிணற்றடிக்குப் போயிருந்தார்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. தாவரவியலுக்கு அனுமதி. செயல்முறைப் பாடம் மிகச் சிறப்பு. ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"உம்முடைய வேலை நிரந்தரம். அவர் அப்பிடி எழுதினபிறகு நான் மறுக்கேலாது. ஆனால் நான் இருக்குமட்டும் நீர் அந்த விஞ்ஞான அறைக்குள்ளை கால் வைக்கக்கூடாது. நாளையிலை இருந்து பூமிசாஸ்திரம் படிப்பியும்."

அவர் இன்னும் பதினெட்டு வருடம் இருந்தார். அவருக்குப் பிறகு வந்தவருக்கு நான் பூமிசாஸ்திர வாத்தியார் என்றுதான் தெரியும். ஆக, முப்பது வருடத்துக்கு மேல், ஓர் ஆறுகூட இல்லாத யாழ்ப்பாணத்தில், ஆற்றைக் கண்ணால் காணாத பிள்ளைகளுக்கு ஆறுகளின் பெயர்களைப் பாடமாக்கிக் கொடுத்தேன். புதிதாக வந்த தாவரவியல் வாத்தியார் வெங்காயத்தோல் காட்டினார். நான் விறாந்தையால் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்வேன்.

வல்லிபுரம் சொன்ன சொல் காத்தார். ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. பன்னிரண்டு மாணவர்கள் எல்லாருக்கும் சொன்னார்கள். எனக்குக் கலியாணம் பேசி வந்தவர்கள் ஊரில் விசாரித்தார்கள். "நல்ல பெடியன், நிரந்தர உத்தியோகம், ஆனால்..." என்று ஊர் இழுத்தது. மூன்று சம்பந்தம் அந்த 'ஆனால்'உடன் திரும்பிப் போனது. நாலாவதாக மட்டுவிலிலிருந்து வந்தவர் ஒரு புகையிலைத் தோட்டக்காரர். ஊர் இழுத்ததை முழுதாகக் கேட்டார், மறுவார்த்தை பேசாமல் நாள் வைக்கச் சொன்னார். பெருந்தன்மையான மனிதர் என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

கலியாணம் முடிந்து நாலாம் நாள் பின்னேரம் மாமா என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாய் விரித்திருந்தது. ஒரு முட்டி கள்ளு, குடிக்கப் பனையோலையில் கோலிய இரண்டு பிளா, வறுத்த இறால்.

"மாமா, நான் இது குடிக்கிறேல்லை."

அவர் பிளாவைப் பிடித்தபடியே இருந்தார். "விளையாடாதேங்கோ தம்பி."

"உண்மையா, மாமா. அது பாடத்துக்கு வாங்கினது."

"எனக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை" என்றார் கடைசியில். "பின்னேரத்திலை பக்கத்திலை இருக்க ஒருத்தன் வாறான் எண்டுதான் பெட்டையைத் தந்தனான். ஏமாத்திப் போட்டியள்."

இதுதான் எங்கள் வீட்டுக் கதை. "என்ரை அப்புவை ஏமாத்திக் கலியாணம் முடிச்சவர்" என்று என் மனைவி எந்தச் சபையிலும் என்னை அறிமுகப்படுத்துவாள். பிள்ளைகள் அதை நடித்துக் காட்டுவார்கள்; முதலில் மகன் மாமாவாக நடித்தான், இப்போது பேரன். நான் எழுந்து போய்ப் படுத்துவிடுவேன்.

ஒன்றை மட்டும் இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவியும் இதை வாசித்துத்தான் அறியப்போகிறாள். மாமா படுக்கையில் விழுந்த கடைசி மாதத்தில் ஒரு பின்னேரம், எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அவரோடு ஒரு பிளா குடித்தேன். அவர் இரண்டு வாய்தான் குடித்தார். நான் முழுவதும் குடித்தேன். சரியான புளிப்பு. தொண்டையால் இறங்க மறுத்தது.

"எப்பிடி?" என்று கேட்டார்.

"நல்லாயிருக்கு மாமா."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதுக்கு எத்தினை வருசம் எடுத்தனீர், மடையா" என்றார்.