பின்னறைத் தரைக்கடியில் முட்டைத் திருடன்

முடிவெடுத்துவிட்டேன். என் பின்னறையை என் மச்சினனுக்கு விட்டுத்தரமாட்டேன். யார் வந்து கேட்டாலும் தரமாட்டேன். மனைவி கேட்டால் என்ன செய்வது என்பதுதான் இன்னும் யோசனையில் இருந்தது.

நான் தரைக்கு டைல்ஸ் போடுகிற மேஸ்திரி. ஊரில் பாதிப் பேர் வழுக்கி விழுகிற தரை நான் போட்டது. இவ்வளவு தரை போட்டவனுக்குச் சொந்த வீட்டில் நிம்மதியாகக் கால் நீட்ட இருக்கிற இடம் அந்தப் பின்னறை ஒன்றுதான். அங்கே என் நாற்காலி இருக்கிறது. என் ரேடியோ இருக்கிறது. மூலையில் மிச்ச டைல்ஸ் இருக்கிறது. வேறு யாரும் இல்லை. அதுதான் அந்த அறையின் விசேஷம்.

மச்சினனுக்கும் எனக்கும் பழைய பகை. அதாவது எனக்குப் பகை. அவனுக்கு அது தெரியாது. எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கென்று போட்ட நாற்காலியில் போய் உட்கார்ந்தவன் அவன். நான் நின்றுகொண்டே போட்டோ எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்தப் போட்டோவைப் பார்க்கிறவர்கள், "மாப்பிள்ளை களையாக இருக்கிறார், பக்கத்தில் நிற்கிறது சமையல்காரரா?" என்று கேட்கிறார்கள். இதை நான் மறந்துவிட்டேன் என்று என் மனைவி நினைக்கிறாள். நான் மூச்சு விட மறந்தாலும் மறப்பேன்.

அவன் வீட்டில் கூரை மாற்றுகிறார்களாம். வேலை முடிகிறவரை இங்கே தங்குவானாம்.

"தம்பிக்குப் பின்னறையக் காலி பண்ணிக் கொடுங்க" என்றாள்.

"என் சாமானெல்லாம் அங்கதான இருக்கு?"

"என்ன பொல்லாத சாமான்? உடைஞ்ச டைல்ஸு, உட்கார்ந்தா கத்துற நாற்காலி, கத்தச் சொன்னா வாய மூடிக்கிற ரேடியோ."

"அந்த நாற்காலில உட்கார்ந்தாதான் எனக்கு முதுகு நிக்குது."

"முதுகு நின்னு என்ன பண்ணப் போகுது?"

அன்று சாயங்காலம் டிவியில் ஒரு செய்தி. எங்கேயோ ஒருவர் வீடு கட்டப் பள்ளம் தோண்டியிருக்கிறார். டைனோசர் எலும்பு கிடைத்துவிட்டது. சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். ஒரு ஈகூட உள்ளே போக முடியாது. வீட்டுக்காரர் கயிற்றுக்கு வெளியே நின்று அழுதார். என் மனைவி உச்சுக்கொட்டினாள். நான் கைதட்டினேன்.

மறுநாளே நூலகத்துக்குப் போனேன். "டைனோசர் புத்தகம் வேணும். ரொம்பப் பேருக்குத் தெரியாத டைனோசரா இருக்கணும்" என்றேன். பெரிய பல் வைத்துக்கொண்டு உறுமுகிற அந்தப் பிரபலமான ஆள் எனக்கு வேண்டாம். அவனைச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். தவிர, பத்துக்குப் பத்து அறையில் அவன் தலைகூட நிம்மதியாக இருக்காது. நூலகர் ஒரு தடிமனான படப் புத்தகத்தைக் கொடுத்தார்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். அந்தப் பெயர்களோ கூட்ஸ் வண்டி மாதிரி போய்க்கொண்டே இருந்தன. எஞ்சினைப் படிப்பதற்குள் கடைசிப் பெட்டி மறந்துபோகிறது. அதனால் உலகத்தில் எந்தத் திருடனும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தேன். யாரை ஏமாற்றப் போகிறேனோ அவளிடமே புத்தகத்தைக் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொன்னேன்.

"எதுக்கு திடீர்னு டைனோசரு?"

"அறிவ வளர்த்துக்கத்தான்."

"இருந்தா வளரும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

பிரமாதமாக வாசித்தாள். ஒன்றுக்கு வாயில் ஐந்நூறு பல்லுக்கு மேலாம். தரையோடு தரையாக மேய்ந்துகொண்டே போகுமாம். "உன் தம்பி சாப்பிடற மாதிரியே இருக்கே" என்றேன். அவள் பக்கத்தைத் திருப்பினாள். அடுத்ததற்கு மண்டை ஓடு மட்டும் ஒரு சாண் தடிமன். அதற்குள் மூளை கொஞ்சூண்டு. வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏன் நிறுத்திட்ட?" என்றேன். "படம் பார்த்துட்டிருக்கேன்" என்றாள். புத்தகம் மடியில் இருந்தது.

பிறகுதான் ஓவிராப்டர் வந்தது. அதற்கு முட்டைத் திருடன் என்று அர்த்தமாம். முட்டைகளுக்குப் பக்கத்தில் அதன் எலும்பு கிடைத்ததாம். உடனே, அடுத்தவன் முட்டையைத் திருட வந்து செத்தது என்று எழுதிவிட்டார்களாம். எத்தனையோ வருஷம் கழித்துத்தான் உண்மை தெரிந்ததாம். அது திருடவே இல்லை. தன் முட்டையை அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் பெயரை மாற்றவில்லை. சமையல்காரன் என்று பெயர் வாங்கிய மாப்பிள்ளைக்குத்தான் அதன் வலி புரியும்.

"ஆண்தான் அடைகாத்திருக்கும்னு ஆராய்ச்சிக்காரங்க நினைக்கிறாங்களாம்" என்று வாசித்தாள். "நல்ல குடும்பத்துப் பையன் போல."

அதையே தேர்ந்தெடுத்தேன். கடைசி அத்தியாயம் ஏதோ பாதுகாப்பு, பராமரிப்பு என்று போனது. நமக்கு எதற்கு என்று தூங்கிவிட்டேன்.

அடுத்த முறை அவள் சந்தைக்குப் போனதும் வேலையை ஆரம்பித்தேன். பின்னறை நடுவில் நாலு டைல்ஸைப் பெயர்த்தேன். சூப்பு வைத்த எலும்புகளை ஏற்கெனவே ஒளித்து வைத்திருந்தேன். அவற்றைத் தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். பல கோடி வருஷப் பழுப்பு வந்தது. முட்டைக்கு வெள்ளை சிமெண்டைக் குழைத்து, அவளுடைய பெரிய கரண்டியில் அச்சு எடுத்து, இரண்டு பாதியாக ஒட்டினேன். எல்லாவற்றையும் மண்ணில் பதித்து, மேலே தூசி ஊதினேன். பார்த்தபோது எனக்கே உடம்பு புல்லரித்தது. அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கத்தினேன்.

"ஓடி வா! டைனோசரு!"

நடந்துதான் வந்தாள். குனிந்து பார்த்தாள்.

"டைல்ஸ எதுக்குப் பேத்தீங்க?"

"சத்தம் வித்தியாசமா கேட்டுச்சு."

"இந்தத் தரைய நீங்கதான போட்டீங்க? அப்ப இது கண்ணுல படலையா?"

"அப்ப எனக்கு அறிவு வளரல."

"ஓவிராப்டர் முட்டை நீளமா இருக்கும்னு புக்குல இருந்துச்சே. இது உருண்டையா இருக்கு."

"இது... அதிகம் தெரியாத வகை."

"யாருக்கும் தெரியாததோ?"

"ஆமா! யாருக்குமே தெரியாது!"

அவள் முட்டையை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு கையை மார்பில் வைத்துக்கொண்டு, "எவ்வளவு பெரிய பாக்கியம்! நம்ம வீட்டுலயா!" என்றாள். கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து குழியைச் சுற்றி அவளே கட்டினாள். என் முன்னாலேயே தம்பிக்கு ஃபோன் போட்டாள்.

"தம்பி, பின்னறையில டைனோசர் இருக்குடா. அங்க நீ படுக்க முடியாது."

நான் உள்ளுக்குள்ளே குதித்தேன். என் வாழ்க்கையில் அவள் தம்பியிடம் "முடியாது" என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அதனால ஹால்ல படுத்துக்கோ" என்று ஃபோனை வைத்தாள்.

பரவாயில்லை. ஹால் அவள் ராஜ்ஜியம். என் அறை பிழைத்தது. நாற்காலியில் உட்காரப் போனேன்.

"உட்காராதீங்க!"

"ஏன்?"

"கடைசி அத்தியாயத்துல தெளிவா போட்டிருக்கு. எலும்பு இருக்கிற இடத்துல பாரம் ஏத்தக் கூடாது. நீங்க தூங்கிட்டீங்க. நாற்காலிய ஹாலுக்குக் கொண்டு போங்க."

"நாற்காலி என்ன பெரிய பாரம்?"

"ரேடியோவையும். அதிர்வு ஆகாதாம்."

"அது பாடவே பாடாதே!"

"அந்த டைல்ஸையும் வெளிய எடுங்க. தூசி ஆகாது."

அவள் சொல்லச் சொல்ல நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். என் அறையை என் கையாலேயே காலி செய்தேன். முதுகு நிற்கவில்லை. கடைசியில் கொஞ்சம் ரோஷம் வந்தது.

"இந்தா பாரு, அப்படியொண்ணும் இது பெரிய விஷயம் இல்ல. மூடிடலாம். வெறும் எலும்புதான?"

"மூடறதா? மியூசியத்துக்கு ஃபோன் பண்ணி ஆளக் கூப்பிடறேன். எந்தக் காலத்து எலும்புன்னு பார்த்த உடனே சொல்லிடுவாங்களாம். இதையும் கையோட காட்டிடலாம்."

முந்தானைக்குள்ளிருந்து பெரிய கரண்டியை எடுத்தாள். அதன் குழியில் வெள்ளை சிமெண்ட் காய்ந்து, சுரண்டினாலும் வராத மாதிரி ஒட்டியிருந்தது. நான் போட்ட கலவை. என் கலவை அப்படித்தான், பிடித்தால் விடாது.

நான் கரண்டியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். மியூசியத்திலிருந்து நாலு பேர் வருவார்கள். தெருவே கூடும். சமையல்காரன் என்ற பெயரே போதும் என்று தோன்றியது.

"மியூசியமெல்லாம் எதுக்கு? நம்ம வீட்டுப் பொருள் நம்ம வீட்டுலயே இருக்கட்டும்" என்றேன்.

"நானும் அதத்தான் நினைச்சேன்" என்று ஒரு கோரைப்பாயை நீட்டினாள். "அப்ப யாராவது காவல் இருக்கணும். ஆணுதான் அடைகாக்கும்னு படிச்சோமே."

மத்தியானம் மச்சினன் வந்து சேர்ந்தான். நான் குழிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தேன். ஹாலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஹாலில் என் நாற்காலி கிரீச்சிடும் சத்தம் கேட்டது. உட்கார்ந்துவிட்டான். யாரோ ரேடியோவைத் தட்டினார்கள். என்னிடம் எத்தனையோ வருஷமாக வாயைத் திறக்காத ரேடியோ அவனுக்குக் கணீரென்று பாடியது.

பாட்டுக்கு நடுவே அவன் உற்சாகமாகக் குரல் கொடுத்தான்.

"மாமா, குஞ்சு பொரிச்சா ஒரு சத்தம் கொடுங்க!"